அமெரிக்காவின் செவிஸும் பிரிட்டனின் உரிமமும்

வெளிநாட்டிலிருந்து படிக்க வருபவர்களை அரசு கவனித்துக்கொண்டிருப்பது புதிதல்ல. அந்த வேலையைக் கல்லூரிகளின் தலையில் கட்டியதுதான் புதிது. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டுமே இதைச் செய்திருக்கின்றன. அமெரிக்கா ஒவ்வொரு மாணவரின் பேரிலும் ஒரு மின்பதிவைத் திறந்து வைத்தது. பிரிட்டன் கல்வி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, அதைப் பறிக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தவறு நேரும்போது அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

அமெரிக்க ஏற்பாடு அச்சத்தில் பிறந்தது. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தது. குண்டு இருந்த வேனை ஓட்டிவந்தவர் மாணவர் விசாவில் வந்து படிப்பைப் பாதியில் விட்டவர்; அவர் எங்கே போனார் என்ற கணக்கு அரசிடம் இல்லை. 1996இல் அந்தக் கணக்கை வைக்கச் சொல்லும் சட்டம் வந்தும் வேலை மெல்லவே நகர்ந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகன் மீது மோதிய விமானத்தை ஓட்டிய ஹானி ஹன்ஜூர், ஓக்லண்டில் ஆங்கிலம் படிப்பதாக மாணவர் விசா வாங்கியவர். அந்தப் பள்ளிப் பக்கமே அவர் போகவில்லை. இதைவிடப் பெரிய தலைகுனிவு 2002 மார்ச்சில் நேர்ந்தது. தாக்குதலில் விமானங்களை ஓட்டி இறந்துபோன இருவருக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டிருப்பதாக, குடியேற்றத் துறையின் கடிதம் புளோரிடாவிலிருந்த விமானப் பயிற்சிப் பள்ளிக்கு ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே செவிஸ் என்ற மாணவர் மின்பதிவேடு நடைமுறைக்கு வந்துவிட்டது.

செவிஸ் என்ன கேட்கிறது? வீடு மாறினால் மாணவர் 10 நாளுக்குள் கல்லூரியில் சொல்ல வேண்டும். வகுப்புகளைக் குறைத்தாலோ படிப்பை விட்டாலோ டி.எஸ்.ஓ. என்று அழைக்கப்படும் கல்லூரி அலுவலர் 21 நாளுக்குள் பதிவேற்ற வேண்டும். படிப்பு முடிந்து ஓ.பி.டி. என்ற பயிற்சி வேலைக் காலத்தில் இருப்பவர், மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. பரிமாற்றத் திட்டத்தில் ஜே விசாவில் வரும் ஆய்வாளர்களும் பயிற்சி பெறுவோரும் இதே பதிவேட்டில்தான் வருகிறார்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவை மாணவரே கட்டுகிறார்: மாணவருக்கான எஃப் விசாவுக்கு 350 டாலர், ஜே விசா என்றால் பெரும்பாலும் 220 டாலர்.

பதிவேட்டைத் திறந்து பார்க்க அலுவலரால் முடியும், அரசால் முடியும். ஓ.பி.டி.யில் இருப்பவருக்கு மட்டும் ஒரு சிறு இணைய வாசல் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அதுவும் இல்லை. இதன் கொடுமை 2025 ஏப்ரலில் எல்லோருக்கும் தெரிந்தது. அரசு மாணவர்களின் பெயர்களைக் குற்றப்பதிவுத் தளத்தோடு ஒப்பிட்டு, பெயர் பொருந்தியவர்களில் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளைத் தானே ரத்து செய்தது. போக்குவரத்து விதிமீறல், தள்ளுபடியான வழக்கு என்று தண்டனையே இல்லாதவர்களும் அதில் சிக்கினார்கள். இந்திய மாணவர்களும் ஏராளமாகப் பாதிக்கப்பட்டார்கள். முன்னறிவிப்பு இல்லை, விளக்கம் கேட்கவில்லை. பல கல்லூரிகளுக்கே தங்கள் மாணவரின் பதிவு ரத்தான செய்தி, கணினியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நாடெங்கும் நீதிபதிகள் தடை விதிக்கவே, ஏப்ரல் 25 அன்று பதிவுகளைத் திரும்ப உயிர்ப்பிப்பதாக அரசு சொன்னது.

பிரிட்டன் 2009இல் மாணவர் விசாவுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தபோது வேறு வழியில் போனது. அங்கே கல்லூரிதான் ஸ்பான்சர். காஸ் என்ற சேர்க்கை உறுதிக் குறியீட்டைக் கல்லூரி தந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். சேராதவர், வகுப்புக்கு வராதவர் யார் என்று கல்லூரி உள்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் உரிமம் போகும். 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் நடந்தது. எந்த விதியையும் மீறாத மாணவர்கள் உட்பட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், 60 நாளுக்குள் வேறு கல்லூரி தேடுங்கள் அல்லது நாட்டை விட்டுப் போங்கள் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்ததால் பலர் அந்தக் கல்வியாண்டை முடிக்க முடிந்தது.

கல்லூரி பயந்தால் மாணவரிடம் காவலர் போல நடந்துகொள்ளும். பிரிட்டன் முறையின் பெரிய குறை இதுதான். ஆனாலும் அங்கே அரசுக்கும் மாணவருக்கும் நடுவே ஒரு நிறுவனம் நிற்கிறது. உரிமம் போனாலும் வழக்குப் போட அதற்கு வக்கீலும் பணமும் இருக்கின்றன. அரசு அந்த நிறுவனத்தைத் தாண்டி நேரே மாணவர்மேல் கை வைத்தபோது பிரிட்டனும் அமெரிக்காவைப் போலவே தவறியது. விசாவுக்காக எழுதப்பட்ட டோயிக் ஆங்கிலத் தேர்வில் சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடந்தது 2014இல் வெளிப்பட்டது; அது உண்மை. ஆனால் அதைக் காட்டி 33,000க்கும் மேற்பட்டோரின் தேர்வு முடிவுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. உண்மையாகவே எழுதித் தேறியவர்களும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். விசா பறிபோன பலருக்கு நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது.

அமெரிக்கா இன்னும் ஒருபடி மேலே போனது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒரு போலிக் கல்லூரியை அரசே நடத்தியது. 2019இல் அது வெளிப்பட்டபோது அதில் சேர்ந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். வகுப்பே நடக்காத இடமென்று தெரிந்தே சேர்ந்தார்கள் என்பது அரசின் வாதம். அரசின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பெயரும் இருந்ததே என்று மாணவர் தரப்பு கேட்டது. பட்டியலை நம்பச் சொல்லும் அரசே அதில் பொறி வைத்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் பிரிட்டன் முறைதான் என்பேன், அதன் குறைகளையும் சேர்த்தே. அமெரிக்கப் பதிவேடு இருக்கட்டும். ஆனால் தன் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று மாணவர் எந்நேரமும் பார்க்க முடிய வேண்டும். ரத்து செய்வதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும், பதில் சொல்ல அவகாசமும் தர வேண்டும். அந்த மாற்றம் வரும்வரை, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோரே, அவர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவம் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தட்டும், வகுப்பைக் குறைப்பதற்கு முன் டி.எஸ்.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்கட்டும், அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.