பெருந்தொற்றும் தோட்டப் பள்ளிக்கூடமும்

இலங்கை மலையகத் தோட்டங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி கொரோனாவோடு வந்ததல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பாக்கியது. ஆனாலும் பத்து வயது தாண்டியதும் பல பிள்ளைகள் வேலைக்குப் பேர் போட மலைக்குப் போனார்கள். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு என்பதே பல இடங்களில் நிலை. 1970களில்தான் அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்றது.

2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. தோட்டங்களோ ஊரடங்கிலும் இயங்கின. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தாய்மார் கொழுந்தெடுக்கப் போக, பிள்ளைகள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கினர். இணையவழி வகுப்பு என்றால் கைபேசி வேண்டும். வீட்டில் ஒன்று இருந்தாலும் பகலில் அது தகப்பனோடு போய்விடும். ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செயலட்டையை இரவில்தான் திறக்க முடியும். மூன்று பிள்ளைகள் இருந்தால் யாருக்கு முதலில் என்பதைப் பரீட்சை தீர்மானித்தது: சாதாரண தரம் எழுதுபவருக்கே முன்னுரிமை. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுவதும், ரீலோடுக்குக் கடன் வாங்குவதும் வேறு. நாட்கூலி 1000 ரூபாய் என்ற அறிவித்தலே 2021 மார்ச்சில்தான் வந்தது.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைத் தெரிவு என்பது மிகை. பள்ளி திறந்தபோது அச்சமும் இருந்தது: பத்தடி லயக் காம்பராவில் தொற்றாளரைத் தனிமைப்படுத்த இடமேது? 2021 ஜூலையில் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தினர். அக்டோபர் 21இல் 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதலில் மீண்டும் திறக்கப்பட்டன. சிறிய தோட்டப் பள்ளிகள் பலவும் அந்த வரையறைக்குள் வந்தன.