கணினி மெதுவாகிவிட்டதா? ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்

எங்கள் பகுதிகளில் பல வீடுகளில் இருக்கும் கணினி புதிதாக வாங்கியதல்ல. வெளிநாட்டில் உள்ள உறவினர் பாவித்துவிட்டு அனுப்பியதாகவோ, யாரிடமோ பழையதாக வாங்கியதாகவோ இருக்கும். ஆனால் அதற்குள் இருப்பவை லேசான பொருட்கள் அல்ல. காணி உறுதியின் ஸ்கான் பிரதி, காணாமல் ஆக்கப்பட்டவர் குறித்துக் கொடுத்த முறைப்பாடுகள், இடம்பெயர்வில் அல்பம் தொலைந்த பிறகு சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிப் பிரதியெடுத்த படங்கள். அந்தக் கணினி மெதுவாகும்போது "ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குங்கள், பறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம். விண்டோஸ் 95 காலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் மையம் அதுதான். ஒரு மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் சில பதிவுகள் அங்கே தங்கிவிடுவது உண்மை. ஆனால் விண்டோஸ் முழு ரெஜிஸ்ட்ரியையும் தினமும் வாசிப்பதில்லை. தேவையான பதிவை மட்டும் தேடி எடுக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய பதிவுகளால் கணினி குறிப்பிடத்தக்க அளவு மெதுவாவதில்லை. துப்புரவு மென்பொருட்கள் நூற்றுக்கணக்கான "பிழைகளை" சிவப்பு நிறத்தில் காட்டுவது பெரும்பாலும் பணம் கேட்பதற்கான முன்னேற்பாடு. மைக்ரோசொப்ட் நிறுவனமே முன்பு ரெக்கிளீன் என்ற கருவியை வெளியிட்டுப் பின்னர் விலக்கிக்கொண்டது. இப்படியான மென்பொருட்களைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டி வரலாம் என்றும் அது அறிவித்திருக்கிறது. 2017இல் சீகிளீனரின் ஒரு பதிப்புக்குள் திருடர்கள் தீய நிரலை நுழைத்தார்கள். அந்தப் பதிப்பு ஏறக்குறைய 22.7 இலட்சம் கணினிகளுக்குப் போனது.

ரெஜிஸ்ட்ரியில் தவறு நடந்தால் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வின்லொகன் என்ற பகுதியில் யூசர்இனிட் என்று ஒரு பதிவு இருக்கிறது. அது கெட்டுப்போனால், கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போன உடனேயே கணினி உங்களை வெளியே தள்ளிவிடக்கூடும். படங்களும் கடிதங்களும் உள்ளே பத்திரமாக இருக்கும், நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள்.

மெதுவாவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஸ்டார்ட்அப், அதாவது கணினியைப் போட்டதும் தாமாக ஓடத் தொடங்கும் மென்பொருட்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். விண்டோஸ் 8 முதல் ஸ்டார்ட்அப் பட்டியல் அதற்குள்ளேயே இருக்கிறது. வேண்டாததில் வலது பொத்தானை அழுத்தி டிசேபிள் கொடுங்கள். அழிக்கத் தேவையில்லை. நிறுத்தியதால் ஏதாவது வேலை செய்யாமல் போனால், அதே இடத்தில் எனேபிள் கொடுத்தால் திரும்பிவிடும். ஒரே நாளில் பத்தை நிறுத்தாமல், ஒன்று இரண்டை நிறுத்திக் கணினியை மறுபடி போட்டுப் பாருங்கள். எது காரணம் என்று பிறகு தேடி அலைய வேண்டியிருக்காது.

தெரியாத பெயர் என்றால் உடனே வைரஸ் என்று நினைக்கத் தேவையில்லை. என்.எச்.எம். ரைட்டர், இகலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுக் கருவிகளும் இந்தப் பட்டியலில் இருக்கலாம். இகலப்பையின் பழைய பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் மேல் இயங்கியதால் அந்தப் பெயரிலும் தோன்றலாம். அதை நிறுத்திவிட்டுத் தமிழில் எழுத முடியவில்லையே என்று திகைக்காதீர்கள். நிறுவனப் பெயரில்லாமல் "புரோகிராம்" என்று மட்டும் தெரிவது பெரும்பாலும் நீக்கப்பட்ட ஏதோ ஒரு மென்பொருளின் எச்சம்.

சந்தேகப்பட வேண்டியவை வேறு. வலது பொத்தானில் ஓபன் பைல் லொகேஷன் கொடுத்தால் கோப்பு இருக்கும் இடம் தெரியும். விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயரைக் கொண்ட ஒன்று, சிஸ்டம்32 போல்டரில் இல்லாமல் டெம்ப் போல்டரிலோ அப்டேட்டாவிலோ இருந்தால் கவனியுங்கள். பெயரில் ஆங்கில ஓ எழுத்துக்குப் பதிலாகப் பூச்சியம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கணினிகளில் டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவை நல்ல மென்பொருட்கள்தான். ஆனால் தூரத்திலிருந்து ஒருவர் உங்கள் திரையைப் பார்க்க வழி செய்பவை. நீங்கள் நிறுவாதது என்றால் நிறுத்துவதோடு விடாமல், செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் முழுமையாக நீக்குங்கள்.

பென்டிரைவ் மூலம் பரவும் ஷோர்ட்கட் வைரஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்அப்பில் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயரோடு விபிஎஸ் என்று முடியும் கோப்பு ஒன்று ஓடினால் அதுவாக இருக்கக்கூடும். பென்டிரைவில் போல்டர்கள் இருந்த இடத்தில் ஷோர்ட்கட்கள் மட்டும் தெரியும். படங்கள் போய்விட்டன என்று நினைத்துப் பலர் பென்டிரைவை போர்மட் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. போல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படியும், சிஸ்டம் கோப்புகளை மறைக்காதபடியும் மாற்றினால் அவை தெரியும். ஷோர்ட்கட்களைத் தொடாமல், முதலில் அன்டிவைரஸால் கணினியைச் சுத்தமாக்குங்கள்.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புவோருக்கு மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் ஓட்டோரன்ஸ் இருக்கிறது. அதன் பட்டியல் மிக நீளமானது. மைக்ரோசொப்டின் பதிவுகளை மறைக்கும் தெரிவைப் போட்டால் சுருங்கும். அங்கும் டிக்கை எடுத்தால் நிற்கும், போட்டால் திரும்பும். மஞ்சள் நிறம் கோப்பு காணப்படவில்லை என்பதைக் குறிக்கும். சந்தேகமான நிரலை வைரஸ்டோட்டல் தளத்தில் சோதிக்கலாம். ஆனால் கடிதம், வாக்குமூலம், அடையாள அட்டைப் பிரதி எதையும் அங்கே ஏற்ற வேண்டாம். அங்கு ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்கள் பலவற்றோடு பகிரப்படுகின்றன.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தப் பகுதியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து சேமியுங்கள். ரிஸ்டோர் பொயின்ட் ஒன்றும் போடுங்கள். பல கணினிகளில் அந்த வசதியே நிறுத்தப்பட்டிருக்கும், இயக்கிவிட்டுத்தான் போட முடியும். விண்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரி தானாகப் பிரதியெடுக்கப்படுவதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கடைசியில் கடைக்காரர் போர்மட்தான் வழி என்றால், டொகுமென்ட்ஸை மட்டுமல்ல, டெஸ்க்டொப்பையும் டவுன்லோட்ஸையும் நீங்களே பக்கத்தில் இருந்து பிரதியெடுப்பியுங்கள். திரும்பி வந்த பிறகு பழைய கடிதங்களைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவை மறுபடி நிறுவினால் அதே கடிதம் தமிழில் திறக்கும்.