கிண்டிக் காடு சொல்லும் வரலாறு



சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பெருவழியில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். நம் முன்னோர் அதனை இராமாநுசர் பிறந்த ஊராக அறிந்திருந்தனர். இன்றைய மாணவர்கள் அதனையும் அதற்குத் தெற்கேயுள்ள ஒரகடத்தையும் தொழிற்சாலைகள் மிகுந்த வட்டாரமாக அறிவர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-இல் ஒரகடத்திலும் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஏரிகளும், மேய்ச்சல் வெளிகளும், முட்புதர்க் காடுகளும் கலந்து கிடந்த நிலத்தில், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இம்மாறுதல் நிகழ்ந்துவிட்டது.

இந்த வட்டாரத்து ஏரிகளின் மிகைநீரே அடையாறாக உருவெடுக்கிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதி ஏரிகளிலிருந்து வரும் நீரோடு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அதில் வந்து கலக்கிறது. அந்த ஆறு கடலை அடையுமுன் சைதாப்பேட்டையைக் கடக்கிறது. அதற்குத் தெற்கே, சற்றுத் தொலைவில் இருப்பது கிண்டிக் காடு. ஒரு காலத்தில் அதுவும் நகருக்கு வெளியே இருந்த காடுதான். பின்னர் நகரம் வளர்ந்து அதனை நாற்புறமும் சூழ்ந்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூர் இன்று எதிர்கொள்ளும் கேள்வியைக் கிண்டி முன்னரே எதிர்கொண்டது. அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டியது இதற்காகவே.

1670-களில், சென்னையின் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் இக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமாக்கி, அங்கே ஒரு மாளிகை கட்டினார். எஞ்சிய காட்டை 1821-இல் அரசாங்கம் தனியார் ஒருவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆட்சியாளர்கள் வேட்டையாடும் இடமாக அது விளங்கியது. 1910-இல் 505 ஹெக்டேர் பரப்பு ஒதுக்குக் காடாக்கப்பட்டது. வேட்டைக்கென்று வைத்த காடு வேலிக்குள் பிழைத்துக் கிடந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

நாடு விடுதலை பெற்றது. கல்விச்சாலைகள் வேண்டும், தொழில்நுட்பம் வளர வேண்டும் என்று நாடு விழைந்தது. 1958-இல் காட்டின் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கென அளிக்கப்பட்டது. அதே ஆண்டில், பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் விருப்பப்படி, மற்றொரு பகுதி மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைப்பதற்காக வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961-க்கும் 1977-க்கும் இடையே கல்வி நிலையங்களுக்காகவும் நினைவகங்களுக்காகவும் சுமார் 172 ஹெக்டேர் பிரிந்து போயிற்று. இராஜாஜிக்கும் காமராஜருக்கும் எழுப்பப்பட்ட நினைவு மண்டபங்கள் அந்நிலத்திலேயே நிற்கின்றன.

இவற்றுள் எதனைத் தவறு என்று கூற முடியும்? கல்விக்கு நிலம் கொடுத்ததைக் குறை கூறுவார் யார்? பெருந்தலைவர்களுக்கு மண்டபம் எழுப்பியதைப் பழிப்பார் யார்? நோக்கங்கள் யாவும் நல்லனவே. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டது ஒரு துண்டு நிலம்தான். துண்டுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் இழப்பின் அளவு புலப்பட்டது. 1978-இல் எஞ்சிய காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு சுமார் 270 ஹெக்டேர். 1910-இல் வகுத்த எல்லையில் ஏறத்தாழப் பாதிதான் இது.

அந்தப் பாதியில் என்ன வாழ்கிறது என்று பார்ப்போம். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இது. இங்கே பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். அதன்பின் நெடிய வறட்சி. ஆகவே இக்காட்டின் மரங்கள் வானளாவ உயர்வதில்லை. அவற்றுள் பல, சிறிய தடித்த இலைகளோடு, கோடையிலும் பசுமை மாறாமல் நிற்கும். காட்டெலுமிச்சையும், காரையும், விளாவும், வேம்பும் இங்கே வளர்கின்றன. இவற்றின் நிழலைப் புள்ளிமான் நாடுகிறது. வெளிமானின் இயல்போ வேறு. அதன் பெயரே உணர்த்துவதுபோல், பகையைத் தொலைவிலேயே கண்டு பாய்ந்தோடத் திறந்த புல்வெளி அதற்குத் தேவை. புல்வெளியைப் புதர் மூடிவிட்டால், காடு அடர்ந்தது என்று நாம் மகிழலாம். வெளிமானுக்கோ அது வீடிழந்த நிலை. குளங்கள் மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றுகின்றன. நீர் வற்ற வற்றச் சேற்றில் இரை தேடும் பறவைகள் வந்து கூடுகின்றன. நரி, கீரி, புனுகுப்பூனை, நட்சத்திர ஆமை ஆகியவற்றுக்கும் இக்காடு புகலிடம். 130-க்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்கே காணப்படுகின்றன. புதர், புல்வெளி, குளம் என மூன்றும் அருகருகே இருப்பதனாலேயே இத்தனை உயிர்கள் வாழ முடிகிறது.

இனி ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். தொழிற்சாலை தீயது என்று நான் கூறவில்லை. அது பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. ஆனால், அங்கேயும் நிலம் துண்டு துண்டாகத்தான் கைமாறும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும். பயனற்ற பொட்டல் என்று நாம் எண்ணும் வெளி, தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியின் இல்லமாக இருக்கலாம். வெறும் பள்ளமாகத் தோன்றும் வாய்க்கால், ஏரிக்கு நீர் கொண்டுசெல்லும் வழியாக இருக்கலாம். அதனை அடைத்தால் ஏரி வறளும். மிகைநீர் செல்லும் வழியை அடைத்தால் ஊர் மூழ்கும். 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, கிண்டியில் எஞ்சிய காட்டைக் காத்தது சட்டம் வகுத்த தெளிவான எல்லை. அந்த எல்லை பிறப்பதற்குள் பாதிக் காடு போய்விட்டது. உங்கள் ஊர் ஏரியின் எல்லை எது, அதற்கு நீர் வரும் கால்வாய் எங்கே தொடங்குகிறது, கரையோரப் புதரில் எந்தெந்தப் பறவைகள் தங்குகின்றன என்பவற்றை இன்றே சென்று பார்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளை யாரேனும் நல்ல காரியத்துக்கென்று ஒரு துண்டு நிலம் கேட்கும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று விடை கூற அந்தக் குறிப்பேடு உதவும்.