நன்னீர் மீன்களில் பூச்சிக்கொல்லி நச்சு

வயலிலும் தோட்டத்திலும் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள் மழைநீரோடும் வடிகால் நீரோடும் ஆறு, குளம், ஏரிகளைச் சேர்ந்து அங்குள்ள மீன்களுக்கு விளைவிக்கும் கேடு. உழவர் பேச்சில் பூச்சிக்கொல்லிக்கு ‘மருந்து’ என்றே பெயர். வாய்க்காலில் இறங்கிய பிறகு அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது.

மீன் மூச்சுவிட நாள் முழுதும் செவுள் வழியே நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். செவுளின் தோல் மிக மெல்லியது. ஆகவே நீரில் கலந்த நஞ்சு நேரே குருதியில் சேர்கிறது. இரை வழியாகவும் சேரும்.

மாலத்தியான், குளோர்பைரிபாஸ், டயசினான் போன்ற கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் நரம்பைத் தாக்குபவை. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின், வேலை முடிந்ததும் சிதைய வேண்டும். அதைச் சிதைக்கும் நொதியை இவை முடக்கிவிடும். பூச்சிக்கு உள்ள அதே நொதி மீனுக்கும் உண்டு. தசைகள் இழுத்துப் பிடிக்க, மீன் சுழன்று நீந்தும், பின் கவிழும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலிய பைரித்ராய்டுகளைப் பாலூட்டிகளின் உடல் விரைவில் சிதைத்துவிடும். மீனின் உடலுக்கு அந்த வேகம் இல்லை. மனிதருக்குத் தீங்கு குறைந்தது என்று விற்கப்படும் மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சாவது இதனால்தான். எண்டோசல்பானும் மீன்களை மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். இந்திய உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் அதற்குத் தடை விதித்தது.

பெரும் அழிவுக்கு ரைன் ஆறு எடுத்துக்காட்டு. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரோடு டைசல்போட்டான், தயோமெட்டான் முதலிய நஞ்சுகள் ஆற்றில் இறங்கின. ஏறக்குறைய 1,50,000 விலாங்குகள் மடிந்தன.

மிதக்கும் மீனை எண்ணிவிடலாம். உயிரோடு இருந்தும் முடங்கிப்போன மீனை யாரும் எண்ணுவதில்லை. கேட்டின் பெரும்பகுதி அங்கேதான். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருளின் மணம் மற்ற மீன்களை எச்சரிக்கும். இதை 1938-இல் கண்டறிந்தவர், தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்த அதே கார்ல் வான் ஃபிரிஷ். இந்த மோப்பத்தையே டயசினான் கெடுக்கிறது. சினூக் சால்மன்களில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் டயசினான் கலந்த நீரில் இருந்த மீன்கள் எச்சரிக்கை மணம் வந்தபோதும் ஒடுங்காமல் நீந்தி இரை தேடின. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆனபோது, பிறந்த இடத்துக்குத் திரும்பும் திறனே குன்றியது. இப்படிப்பட்ட மீன் நஞ்சால் சாவதில்லை. பெரிய மீனின் வாயில் போய் முடியும். அது இயற்கைச் சாவாகவே கணக்கில் ஏறும்.

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்கான டயசினான் விற்பனை 2004 இறுதியில் நின்றது. வயல்களில் அதன் பயன்பாடு அதன் பிறகும் தொடர்ந்தது.