494-க்கும் 495-க்கும் இடையே: கரமனையிலிருந்து ஜப்பானியல் நூல் தேடல்

டூயி தசம வகைப்பாட்டில் தமிழ் மொழிக்கு எண் 494.811, ஜப்பானிய மொழிக்கு 495.6. இலக்கியம் என்றால் முறையே 894.811, 895.6. எண் வரிசை பிசகாமல் நூல்களை அடுக்கும் நூலகத்தில் இரண்டும் ஏறக்குறைய அடுத்தடுத்த அலமாரிகளுக்கு வந்துவிடும். ஆனால் திருவனந்தபுரத்தின் கரமனையில் குடியிருந்தபடி ஜப்பானியல் ஆய்வில் இறங்கும் தமிழ் மாணவர் 495.6 என்ற ஒரே எண்ணை நம்பிப் போனால் பாதி நூல்களைத் தவறவிடுவார். அவருக்கு வேண்டியவற்றில் சில பௌத்தத்துக்குரிய 294.3-இல் இருக்கும், சில தென்னிந்திய வரலாற்றுக்குரிய 954.8-இல் இருக்கும், சில தமிழ் அகராதிகளுக்கு நடுவே இருக்கும்.

இதற்குக் காரணம் நூலகரின் கவனக்குறைவு அன்று, வரலாறுதான். திருவனந்தபுரத்தையும் ஜப்பானையும் இணைத்த நூல்கள் ‘ஜப்பானியல்’ என்ற பெயரில் வந்தவை அல்ல. சமஸ்கிருதம், விடுதலைப் போர், திராவிட மொழியியல், கல்வெட்டு என்று வெவ்வேறு வாசல்கள் வழியாக அவை வந்தன. எந்த நூல் எந்த வாசலில் வந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய மின்தேடலில் எந்தச் சொல்லைத் தட்டுவது என்பதும் தெரியும்.

மணலிக்கரையில் கிடைத்த சுவடி

நாகர்கோவில் சாலை கரமனை ஆற்றைத் தாண்டித்தான் திருவனந்தபுரத்துக்குள் நுழைகிறது. அதே சாலையில் தெற்கே போனால், திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம். அதன் அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் 1909-இல் கிடைத்த ஓலைச்சுவடிகளால் த. கணபதி சாஸ்திரி உலகப் புகழ் பெற்றார். திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த அவர், 1905-இல் ‘திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசை’யைத் தொடங்கியவர். சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்கள் என்று அவர் 1912 முதல் பதிப்பித்தவற்றைப் பற்றிய பேச்சில், அதே மடம் தந்த இன்னொரு நூல் அதிகம் கவனிக்கப்படவில்லை. அது ஆர்ய மஞ்சுஸ்ரீ மூலகல்பம் என்னும் பௌத்தத் தந்திர நூல்.

சாஸ்திரி அதை 1920, 1922, 1925 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தம் தந்திர மரபைச் சேர்ந்தது. அதனால் அந்நாட்டு அறிஞர்களுக்கு இந்தப் பதிப்பு இன்றியமையாத மூலமானது. ஷிங்கோன் தலைமையிடமான கோயா மலையைச் சேர்ந்த யூகெய் மட்சுனாகா, இந்நூலின் காலத்தைப் பற்றி 1985-இல் தனிக் கட்டுரையே எழுதினார். இதே நூலின் சீன மொழிபெயர்ப்பு, டோக்கியோவில் 1924 முதல் 1934 வரை நூறு தொகுதிகளாக வந்த தாய்ஷோ திரிபிடகத்தில் 1191 என்ற எண்ணில் இடம்பெற்றுள்ளது. ஆக, ஜப்பானியப் பௌத்தத்தைப் படிக்கப் புகும் கரமனை மாணவரின் முதல் நூல் சமஸ்கிருதப் பிரிவில் இருக்கிறது. அதன் மூலச்சுவடியோ அவர் வீட்டைக் கடந்து போகும் அதே சாலை வழியில் தெற்கே கிடைத்தது.

பத்திரிகையும் பயணமும்

இரண்டாவது வாசலைப் பத்திரிகையும் பயணமும் திறந்தன. தமிழில் ஜப்பானிய இலக்கியம் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று, 1916-இல் சுதேசமித்திரனில் பாரதி எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ என்ற கட்டுரை. கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் யோனே நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு அவர் அதை எழுதினார். டோக்கியோ, கல்கத்தா, புதுச்சேரி, சென்னை என்று ஒரு ஹைக்கூ சுற்றி வந்த பாதை இது. நூலகப் பட்டியலில் இக்கட்டுரையை ‘ஹைக்கூ’ என்று தேடிப் பயனில்லை. ‘பாரதியார் கட்டுரைகள்’ என்று தேட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் பிறந்த அ. மா. நாயர் 1928-இல் கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படிக்கச் சென்றார். ஜப்பானிலிருந்து இந்திய விடுதலைக்குப் போராடிய ராஷ் பிகாரி போஸின் நெருங்கிய துணைவரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் உணவகம் தொடங்கினார். 1982-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்பு, போர்க்கால ஜப்பானையும் மஞ்சூரியாவையும் உள்ளிருந்து காட்டுகிறது. ஆனால் தலைப்பில் ‘இந்திய விடுதலை வீரர்’ என்று இருப்பதால், இந்திய வரலாறு, வாழ்க்கை வரலாறு ஆகிய பிரிவுகளில்தான் அது போய் உட்காரும்.

அகராதி திறந்த வாசல்

மூன்றாவது வாசலைத் திறந்தவர் சுசுமு ஓனோ. டோக்கியோவின் ககுஷூயின் பல்கலைக்கழகத்தில் பழைய ஜப்பானிய மொழி கற்பித்த இவர், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பார்த்துவிட்டுத் தமிழ்ப் பக்கம் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொன். கோதண்டராமன் அவருக்குத் துணை நின்றார். தமிழ், ஜப்பானிய ஒலி ஒப்புமை குறித்த ஓனோவின் ஆங்கில நூல் 1980-இல் வந்தது. ஜப்பானியர், தமிழர் சடங்குகளை ஒப்பிடும் நூலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவருடன் சேர்ந்து 1985-இல் வெளியிட்டார். நெல் வேளாண்மையும் உலோகமும் சொற்களும் தென்னிந்தியாவிலிருந்து ஜப்பானுக்குப் போயின என்பது ஓனோவின் கருத்து. மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. கமில் சுவலபில் 1985-இல் லண்டன் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் இதழில் அக்கருதுகோளைத் தனிக் கட்டுரையில் ஆராய்ந்தார்.

இந்த விவாதத்தை எடைபோடத் தேவையான கருவிகள் பல திருவனந்தபுரத்தோடு தொடர்புள்ளவை. சென்னைத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை பின்னாளில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1971-இல் திராவிட மொழியியற் கழகமும், அடுத்த ஆண்டு அதன் பன்னாட்டு ஆய்விதழும் இந்நகரில் அவர் முயற்சியால் தோன்றின. தமிழும் ஜப்பானியமும் உறவா இல்லையா என்று சொல்லப் புகுபவர், எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்தப் பொருளில் வருகிறது என்று பார்க்காமல் ஓரடியும் வைக்க முடியாது.

நான்காவது வாசல் எதிர்த்திசையில் திறப்பது: ஜப்பானியர் தமிழகத்தைப் படித்த கதை. நொபொரு கராஷிமா 1960-களில் சென்னையில் கல்வெட்டியல் பயின்றார். எ. சுப்பராயலு, டோரு மட்சுய் ஆகியோருடன் அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978-இல் வெளியானது. தகனோபு தகஹஷியின் சங்க அகப்பாடல் ஆய்வு 1995-இல் வந்தது. ஜப்பானியப் புலமை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ் மாணவர் தம் சொந்தச் சரக்கை வைத்தே கற்க இந்நூல்கள் உதவும்.

திரையில் தேடும் காலம்

1829-இல் தொடங்கப்பட்ட மாநில மத்திய நூலகமும் கேரளப் பல்கலைக்கழக நூலகமும் திருவனந்தபுரத்தின் பாளையம் பகுதியில் இருக்கின்றன. கரமனையிலிருந்து பேருந்தில் எளிதாகப் போய்விடலாம். தமிழ்த்துறையும் கீழைச்சுவடி நூலகமும் உள்ள காரியவட்டம்தான் தொலைவு. ஆனால் இப்போது தேடல் பேருந்து ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் சிக்கல் பெயர். ஓனோவின் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதப்படுகிறது. ‘ஓ’வை நீட்டல் குறியோடு எழுதுவது, குறியில்லாமல் எழுதுவது, நடுவில் ‘ஹெச்’ சேர்ப்பது. மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஜப்பானியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான ‘சைனீ’யில் கான்ஜி எழுத்திலேயே தேடுவது நல்லது, அங்கே குடும்பப் பெயர் முன்னே வரும். ஜப்பானியத்தில் ‘ல்’ ஒலி இல்லாததால் ‘தமிழ்’ அங்கே ‘தமிரு’ ஆகிவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் உரிமை. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ‘ஒரு நாடு, ஒரு சந்தா’ திட்டம் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்திருக்கிறது. சுவலபிலின் கட்டுரை வந்த இதழை இப்போது வெளியிடும் கேம்பிரிட்ஜ் பதிப்பகமும் அதில் உண்டு. பழைய தொகுதிகளும் சேர்த்தியா என்பதை நூலகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். திட்டம் இதழ்களுக்கு மட்டுமே. மின்னூல்கள் அதில் சேரா. ஜப்பானிய ஆய்விதழ்களுக்கு ‘ஜே-ஸ்டேஜ்’ தளம் இருக்கிறது; பெரும்பாலான கட்டுரைகளுக்குக் கட்டணமில்லை. ஈழத்துப் பதிப்புகளுக்கு 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தைப் பார்க்கலாம். தமிழ்ப் பேரகராதியும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஜப்பானியத் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2022 மே மாதம் முதல், விற்பனையில் இல்லாத பழைய நூல்களைத் தனிநபர் வீட்டிலிருந்தே படிக்கச் செய்தது. ஆனால் அந்த வசதி ஜப்பானில் வசிப்போருக்கு மட்டும். வெளிநாட்டவர் அவற்றைப் படிக்க, அவர்களுடைய நூலகம் அந்தச் சேவையில் சேர்ந்திருக்க வேண்டும். பதிப்புரிமைக் காலத்தை ஜப்பான் 2018 டிசம்பர் 30 அன்று 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. அதனால், உரிமை முடிந்த இலக்கியங்களைத் திரட்டும் ‘அவோசோரா புன்கோ’வில், 1967-க்குள் மறைந்த எழுத்தாளர்களுக்குப் பிறகு அடுத்தவர்களின் உரிமை முடிய 2039 வரை காத்திருக்க வேண்டும்.

இதன் விளைவைக் கரமனை மாணவரின் மேசையில் காணலாம். மணலிக்கரைச் சுவடியின் அச்சுப் பதிப்பு இணைய ஆவணகத்தில் இலவசம். அதன் சீன வடிவம் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் திரிபிடகத் தரவுதளத்தில் இலவசம். இரண்டையும் ஒரே திரையில் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஆனால் ஓனோ 1994-இல் இவானமி பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பு வரிசையில் புதுக்கி எழுதிய, சட்டைப்பையில் அடங்கும் ‘ஜப்பானிய மொழியின் தோற்றம்’ அப்படிக் கிடைக்காது. அவர் 2008-இல் மறைந்தார். ஜப்பானில் அவர் எழுத்துக்கு 2078 முடியும்வரை உரிமை உண்டு. அதைப் படிக்க மாணவர் பாளையத்துக்குப் போய், நூலகங்களுக்கு இடையிலான இரவல் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.