எண்பதுகளின் முதலிடப் பாட்டுகளும் நானும்

சென்ற மாத ஞாயிறு நிகழ்ச்சியில் நான் கதைத்ததைக் கேட்ட சிலர், "அதைக் கொஞ்சம் விரிவாக எழுதித் தாருங்கோ" என்று கேட்டதால் இந்தக் கட்டுரை. நான் இசை விமர்சகன் இல்லை. எண்பதுகளில் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஞாயிறு மாலை வேலை செய்தவன், அவ்வளவுதான்.

பொப் என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. எழுபதுகளிலேயே ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் தமிழில் பொப் பாடி எங்கள் கலியாண வீடுகளை ஆட வைத்தார்கள். அதனால் 1984 நவம்பரில் லண்டன் வந்து இறங்கிய எனக்கு அந்தச் சத்தம் பயமாக இருக்கவில்லை. புரியாமல் இருந்தது அந்த நாற்பது பாட்டுப் பட்டியல்தான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு பிபிசி வானொலி ஒன்றில் நாற்பதாவதில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே வருவார்கள். ஏழு மணிக்குக் கிட்ட முதலிடம். பெற்றோல் அடிக்க வந்தவர்கள் காசு கொடுத்த பிறகும் காரை எடுக்காமல் அதைக் கேட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை அதே பாட்டுகளை "ரொப் ஒஃப் த பொப்ஸ்" என்று ரிவியில் காட்டுவார்கள். நாங்கள் ஏழு பொடியள் ஒரு வீட்டில் இருந்தோம். கறுப்பு வெள்ளை ரிவி. கரண்ட் மீற்றருக்கு ஐம்பது பென்ஸ் குற்றி போடவேண்டும். முதலிடப் பாட்டுக்கு முன்னர் மீற்றர் நின்றால் சண்டைதான்.

அந்தப் பட்டியலை 1983 முதல் கல்லப் நிறுவனம் தயாரித்தது. தெரிவு செய்யப்பட்ட இசைத்தட்டுக் கடைகளில் எது எத்தனை விற்றது என்பதுதான் கணக்கு. ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி விற்ற இளையராஜா கசற்றுகள் அந்தக் கணக்கில் வரவில்லை. பஞ்சாபிகளின் பங்கரா கசற்றுகளும் அப்படித்தான். நாங்கள் வாங்கியது எண்ணப்படவில்லை. அதனால் அந்தப் பட்டியலை நாடு முழுவதும் கேட்டது என்று சொல்வதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

நான் வந்த அடுத்த மாதம், 1984 டிசம்பரில், பான்ட் எய்ட் பாட்டு முதலிடம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி சேர்க்க பொப் கெல்டொஃபும் மிட்ஜ் யூரும் எழுதி, பெரிய பாடகர்களைச் சேர்த்துப் பாடுவித்தது. ஐந்து கிழமை முதலிடத்தில் இருந்து, முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. நானும் ஒன்று வாங்கினேன், போட்டுக் கேட்க மெசின் இல்லாமலே. ஆனால் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு நத்தார் என்று தெரியுமா என்று அதன் தலைப்புக் கேட்கிறது. எத்தியோப்பியா நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் வேரூன்றிய நாடு. இங்கிலாந்துக்கே பிறகுதான் ஒழுங்காக வந்து சேர்ந்தது! பம்பலப்பிட்டி அகதி முகாமில் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றவன் நான். தருகிறவரின் கை நல்ல கையாக இருந்தாலும், அவர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிடும். காசு உயிர்களைக் காப்பாற்றியது, அதில் குறை சொல்ல மாட்டேன். பாட்டில் சொல்வேன்.

முகாம் என்றதும் இன்னொரு பாட்டைச் சொல்லவேண்டும். சில வருடங்கள் கழித்து நூலகத்தில் கின்னஸ் வெளியிட்ட பிரித்தானியப் பாட்டுகளின் புத்தகம் ஒன்று கையில் பட்டது. எந்தக் கிழமையில் எந்தப் பாட்டு முதலிடம் என்று அதில் பார்க்கலாம். என் கை தானாகவே 1983 யூலைக்குப் போனது. யூலை 24 இரவு கொழும்பில் தொடங்கியது. எங்கள் வெள்ளவத்தை வீடு மறுநாள் எரிந்தது. அந்தக் கிழமை இங்கே முதலிடத்தில் இருந்தது போல் யங் பாடிய பாட்டு. "என் தொப்பியை எங்கே வைக்கிறேனோ அதுவே என் வீடு" என்பது அதன் தலைப்பின் பொருள். மூன்று கிழமை முதலிடத்தில் இருந்திருக்கிறது. நாங்கள் முகாமில் இருந்ததும், காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறியதும் அந்த மூன்று கிழமைக்குள்தான்.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். போல் யங்கில் எனக்குக் கோபமில்லை. அது மார்வின் கே 1962இல் பாடிய பழைய பாட்டு. ஓர் இடத்தில் தரிக்காமல் பெண்களை விட்டுவிட்டுப் போகிற ஒருவனின் பெருமைப் பேச்சு. போல் யங் அதை மெதுவாக்கி, பெருமையை எடுத்துவிட்டுத் துக்கத்தைப் போட்டார். பீனோ பலடீனோ வாசித்த பேஸ் கிற்றாரைக் கவனித்துக் கேளுங்கள். கட்டைகள் இல்லாத கிற்றார் அது. எங்கள் வயலின்காரர் கமகம் இழுப்பது போல சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும். எண்பதுகளின் முதலிடப் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என் மனைவிக்கு இது ஆச்சரியம். வீடு போனவனுக்கு வீடு வேண்டாம் என்கிறவன் பாட்டு எப்படிப் பிடிக்கும் என்று கேட்பா. தொப்பி வைத்த இடமே வீடு என்று அவன் சொல்லும்போது குரல் நம்பவில்லையே, அதனால்தான் என்பேன்.

1985 மே மாதம் போல் ஹார்ட்காசிலின் "நைன்ரீன்" ஐந்து கிழமை முதலிடம். வியட்நாமில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாயின் சராசரி வயது பத்தொன்பது என்று ஒரு விவரணப் படத்தின் குரலை வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு. அந்தச் சராசரி சரியில்லை, வயது அதைவிடக் கூட என்று பின்னர் பலர் வாதிட்டார்கள். அக்காலத்துச் சாம்பிளர் மெசின் சில விநாடிக் குரலைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதையே திரும்பத் திரும்ப அமுக்கியதில் அந்த எண் கொன்னைபோல விக்கி விக்கி வரும். எங்கள் வீட்டுப் பொடியள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஊரில் என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது. அவனோடு படித்தவர்களில் பாதிப் பேர் இயக்கங்களுக்குப் போய்விட்டதாக அம்மா எழுதியிருந்தா. அவனை யூனில் இங்கே எடுப்பதற்குச் சீட்டுக்காசு கட்டி வைத்திருந்தேன். மே முடிவில் இலங்கையர் வருவதற்கு விசா வேண்டும் என்று பிரித்தானியா சட்டம் போட்டது. பொதுநலவாய நாடு ஒன்றுக்கு இப்படி விசா வைத்தது அதுவே முதல் தடவை. அந்தக் கிழமையும் முதலிடத்தில் அந்தப் பாட்டுத்தான் விக்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது அதைப் போட்டால் நான் வெளியே போய்விடுவேன்.

தம்பி கிழக்கு பேர்லினில் இறங்கி ரெயிலில் மேற்குக்குக் கடந்து ஜேர்மன்காரன் ஆனான். நீனாவின் பலூன் பாட்டுக்காக நாங்கள் இருவரும் ரெலிபோனில் பட்ட சண்டைக்குக் கணக்கில்லை. மேற்கு பேர்லின் இசைக்குழு அது. வானத்தில் போன 99 பலூன்களை எதிரி என்று நினைத்துத் தளபதிகள் போரைத் தொடங்கிவிடுகிற கதை. ஆங்கிலத்தில் 1984 மார்ச்சில் மூன்று கிழமை இங்கே முதலிடம். தமிழ்ப் படத்தை மொழிமாற்றி வேறு மொழியில் பார்க்கிற மாதிரித்தான் உன்ரை ஆங்கிலப் பாட்டு என்பான். வருடக்கணக்காக மறுத்தேன். ஜேர்மன் பாட்டை ஒழுங்காகக் கேட்ட பிறகு அவன் சொன்னதுதான் சரி. இதை அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தச் செய்திமடல் அவனுக்குப் போகாது என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. 1987 பெப்ரவரியில் பென் ஈ. கிங்கின் "ஸ்ரான்ட் பை மீ" முதலிடத்துக்கு வந்தது. 1961 பாட்டு, அதே பெயரில் வந்த படத்தாலும் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தாலும் உயிர்த்தெழுந்தது. என்னோடு கூட நில் என்பது பொருள். அதே மாதம்தான் திருப்பி அனுப்பப்பட இருந்த எங்கள் ஆட்கள் ஹீத்ரோவில் விமானத்துக்குப் பக்கத்தில் உடுப்பைக் கழற்றி எறிந்து, உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். அதே வருடம், விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1000 பவுண் என்று சட்டமும் வந்தது.

அந்தப் படம் வந்த பேப்பர் பெற்றோல் நிலையத்தில் என் முன்னால் கிடந்தது. வானொலியில் அந்தப் பாட்டு. காசு கொடுக்க வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்னுடைய ஆட்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மிச்சக் காசை எண்ணிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, "பெப்ரவரிக் குளிர், செத்திருப்பார்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்.