பூவத்துப் பிள்ளைகளின் உப்பு

தரங்கம்பாடியிலிருந்து பொறையாறு வழியாகத் தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை நண்டலாற்றைக் கடந்தவுடன், காரைக்கால் பிரதேசத்தின் வட எல்லையாகிய பூவம் என்னும் சிற்றூர் எதிர்ப்படுகிறது. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே காவிரியின் கிளைகள் பாயும் நெல்வயல்களும் அமைந்த இத்தகைய ஊரில் பிறந்து பள்ளிக்குச் செல்லும் ஒரு குழந்தை, தன் சோற்றில் விழும் உப்பு பக்கத்துக் கடலிலிருந்தே வருகிறது என்று நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆயினும், கடந்த இருநூறு வருஷங்களில் பெரும்பகுதி அந்த நினைப்பு உண்மைக்கு மாறாகவே இருந்துவந்திருக்கிறது என்பதும், அந்தச் சிறு கல்லுப்பைப் பற்றி லண்டனிலும் பாரிஸிலும் மந்திராலோசனை நடந்திருக்கிறது என்பதும் நம் பிள்ளைகள் அறியவேண்டிய சரித்திரம்.

சோழமண்டலக் கரையில் உப்பு விளைவித்தல் நெல் விளைவித்தலுக்கு இளைத்த தொழிலன்று. தை, மாசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வற்றத் தொடங்கியதும், உவர்நிலத்தைச் சமன்செய்து, களிமண்ணை மிதித்து இறுக்கி, வரப்புக் கட்டிப் பாத்தி வகுத்து, கழிமுகத்தின் நீரைப் படிப்படியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ச்சுவார்கள். நூற்றில் மூன்றரைப் பங்கு உப்புகளே கரைந்துள்ள கடல்நீர், வெயிலிலும் காற்றிலும் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணச் சத்துக்களை அடியில் விட்டு, பிறகு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் தறுவாயில் வெண்மையான கல்லுப்பாகப் பூக்கும். அந்தச் சமயத்தில் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடத் தெரியாதவன் வாரிய உப்பு வாயில் வைக்க ஆகாது. இந்த நுட்பத்தைக் கல்விச்சாலை எதுவும் கற்பிக்கவில்லை. தந்தை காலால் மிதித்த பாத்தியில் மகனும் மிதித்துக் கற்றான். சங்க காலத்து உமணர் அந்த உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர் என்பது நாமறிந்ததே. கடற்கரைக் குழந்தையின் உலையில் உள்நாட்டு அரிசியும், உள்நாட்டுக் குழந்தையின் கஞ்சியில் கடற்கரை உப்பும் சேர்ந்த அந்தப் பரிவர்த்தனை, நெடுங்காலம் எந்த ராஜாங்கத்தின் தயவுமின்றி நடந்துவந்தது.

பிறகு கொடிகள் வந்தன. 1620-இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1739-இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். சுற்றியிருந்த நிலமெல்லாம் காலக்கிரமத்தில் ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று; 1805-இல் சென்னை ராஜதானியில் உப்பு வியாபாரம் முழுவதையும் கம்பெனி தன் ஏகபோக உரிமையாக்கிக்கொண்டது. அதன்பின் ஒரு சங்கடம் எழுந்தது: நண்டலாற்றின் தென்கரையில் பிரெஞ்சுப் பாத்திகளில் விளையும் உப்பு, சுங்கமின்றி வடகரைக்குப் போய்ச் சேருமானால், ஏகபோகம் என்னாவது?

நெப்போலியனோடு நடந்த யுத்தங்கள் முடிவுறும் தறுவாயில், 1815-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 7-ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. பிரெஞ்சுப் பிரதேசங்களில் விளையும் உப்பில், குடிமக்களின் சொந்த உபயோகத்துக்கு வேண்டியது போக மீதியனைத்தையும் வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு அளிக்கப்பட்டது. அதற்குக் கைம்மாறாக, உப்போடு அபினி வியாபாரத்தையும் சேர்த்துச் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தின்படி, வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு சர்க்காருக்குச் சேர்ந்தது. இது மட்டுமாயிருந்தால் பாத்திகளாவது பிழைத்திருக்கும். காரைக்கால் 1817-இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பவும் ஒப்படைக்கப்பட்ட மறுவருஷமே, 1818-இல், இன்னொரு உடன்படிக்கை ஏற்பட்டு, பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவிப்பதையே நிறுத்துவதென்று முடிவாயிற்று. உப்பளக்காரர்களுக்கு நஷ்ட ஈடாக வருஷத்துக்கு 4,000 வராகன், அதாவது 14,000 ரூபாய், விதிக்கப்பட்டது. மக்களுக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயர் அடக்கவிலைக்குக் கொடுப்பார்கள். பிரெஞ்சு சர்க்கார் அதை அண்டைச் சீமையின் விலைக்கு ஏறக்குறைய ஒத்த விலையில் விற்கும்.

இந்தக் கடைசி ஷரத்தைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஆற்றின் இருகரையிலும் கொடி வேறு, நீதிமன்றத்தின் பாஷை வேறு. உப்பின் விலை மட்டும் ஏறக்குறைய ஒன்றாக வைக்கப்பட்டது. கடத்தலைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதன் பலனாக, பிரெஞ்சுப் பிரஜையாகப் பிறந்த பூவத்துக் குழந்தையும் ஆங்கில உப்பு வரியின் பாரத்தைத் தன் கஞ்சிக் கலயத்திலேயே சுமந்தது. அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலிருந்த லாபம் எந்தக் கஜானாவுக்குப் போயிற்று என்பது அந்தக் குழந்தையின் தாய்க்கு ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. கடலோரத்தில் குடியிருந்துகொண்டு உப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதே அவள் கண்ட உண்மை.

உப்பு வரியைப் போன்ற கொடிய வரி வேறில்லை என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. பட்டும் சர்க்கரையும் வசதிக்குத் தக்கபடி செலவாகும். உப்போ ஏழையின் வீட்டிலும் தனவந்தன் வீட்டிலும் தலைக்கு ஏறக்குறைய ஒரே அளவில்தான் செலவாகும், கூலி வேலை செய்து வியர்வை சிந்துகிறவனுக்குச் சற்று அதிகமாகவே வேண்டும். குழம்பும் கறியும் இல்லாத நாளில் பழைய சோற்றுக்கு உப்பும் ஒரு பச்சை மிளகாயுமே துணை. ஆங்கில எல்லையில், கோடையில் சதுப்பு நிலங்களில் தானாகப் பூக்கும் உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றமாக்கப்பட்டு, காவலர்கள் அதை மண்ணோடு கலந்து அழித்தனர். மீனைப் பதப்படுத்த வரி செலுத்திய உப்பு கட்டுப்படியாகாமையால் மீனவர் உவர்மண்ணைக் கொண்டே கருவாடு போட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன் பதனிடும் முற்றங்களை சர்க்கார் அமைத்து அங்கே வரியில்லா உப்பு வழங்கிய பிறகே அந்த நிலை ஓரளவு மாறியது. நம் பிள்ளைகள் தின்ற கருவாட்டுத் துண்டுக்குள்ளும் இந்த வரலாறு உப்போடு உறைந்திருக்கிறது.

மணங்கு ஒன்றுக்கு 1888-இல் இரண்டரை ரூபாயாயிருந்த வரி, 1907-க்குள் ஒரு ரூபாயாகக் குறைந்து, 1916-இல் ஒன்றேகால் ரூபாயாகி, 1923-இல், மத்திய சட்டசபை மறுத்தும், வைசிராய் ரீடிங் பிரபுவின் தனி அதிகாரத்தால் திரும்பவும் இரண்டரை ரூபாயாயிற்று. மறுவருஷம் ஒன்றேகாலுக்கு இறங்கியது. இந்த வரியை எதிர்த்து, 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டு, தஞ்சை ஜில்லாவைக் கடந்து வேதாரணியத்தை அடைந்து, ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சிறைசென்றதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொண்டர்களுக்கு அன்னமிடக் கூடாதென்று கலெக்டர் தார்ன் தடை விதிக்க, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 1947 ஏப்ரலில் உப்பு வரி ஒழிந்தது.

வேதாரணியத்தில் உப்பெடுத்த அதே 1930-ஆம் வருஷத்தில்தான் பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரிப் பிரதேசத்துப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. வீட்டில் தாய் கையால் எடுத்துப் போட்ட உப்பு, அப்போது முதன்முறையாகப் பொதுச் சமையற்கூடத்தின் அண்டாவில் வேற்றாரின் கையால் விழுந்தது. எல்லைக்கு அப்பால் காமராசர் 1956-இலும் எம். ஜி. ஆர். 1982-இலும் விரிவாக்கிய சத்துணவுத் திட்டங்கள் பசியைத் தணித்த அருஞ்செயல்கள். குழந்தையின் உப்பை அளக்கும் பொறுப்பையும் அவை ஊர் முழுமைக்கும் உரியதாக்கின.

1954-இல் காரைக்கால் இந்தியாவோடு இணைந்த பின்னர், உப்பின் கதை வைத்தியர்களின் கைக்கு மாறியது. 1956-இல் டாக்டர் ராமலிங்கசாமி முதலியோர் இமயச் சாரலின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று நிறுவியது. 2006-இல் அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்பது நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. கடலருகே வாழ்வோருக்கு இது எதற்கு என்று கேட்பவர் உண்டு. கடல்நீர் காய்ந்து கிடைக்கும் சாதாரண உப்பில் அயோடின் மிகச் சொற்பமே. ஆகவே பூவத்துக் குழந்தைக்கும் அது தேவைதான். 1818-இன் தடை ஒரு கஜானாவுக்காக ஏற்பட்டது, 2006-இன் தடை குழந்தையின் மூளை வளர்ச்சிக்காக ஏற்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. எனினும் இந்தியாவின் உப்பில் பெரும்பகுதி குஜராத்திலும் அதற்கடுத்தபடி நம் தூத்துக்குடி, வேதாரணியக் கரைகளிலும் விளைந்து, பொட்டலமாகிக் கடைக்கு வருவதால், குழந்தை உண்ணும் உப்பு எந்தக் கடலுடையது என்று வீட்டில் எவராலும் சொல்ல முடியாதுபோயிற்று.

எந்த உடன்படிக்கையுமின்றி, கடைத் தின்பண்டங்களில் மறைந்து வந்து சேர்ந்த உப்பு இன்னொன்றும் உண்டு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதுமென்றும், குழந்தைக்கு அதனினும் குறைவே வேண்டுமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருக்கிறது. நம் நாட்டில் உண்ணப்படும் உப்பில் பெரும்பங்கு இன்றும் வீட்டு அடுப்பிலிருந்தும் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலிருந்துமே வருகிறது என்றாலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு வறுவல் பொட்டலமும் உடனடி நூடுல்ஸும் ரொட்டியும் பிஸ்கட்டும் அதன்மேல் ஒரு பங்கைச் சேர்க்கின்றன. இனிப்பான பிஸ்கட்டிலும் உப்புண்டு. நாக்கு அதைக் காட்டிக் கொடுப்பதில்லை. தாய் அளந்து போட்டதைக் குறைக்கலாம், சமையற்கூடத்தாரிடம் சொல்லலாம். தொலைதூரத் தொழிற்சாலையில் கலந்த உப்பை யாரிடம் குறைக்கச் சொல்வது? உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி செய்தது. அது நல்ல விதி. அதை ஊரார் கண்ணும் கருத்துமாகக் காக்கவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

பொட்டலத்தின் பின்புறத்தில் சோடியம் என்று மில்லிகிராமில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஒரு கிராம் உப்புக்குச் சமம். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே பூவத்துப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம்.